சைடு அண்ணா

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் யாருக்கும் பெயர் கிடையாது. வேன் கிளம்புவதற்கு முன் என் அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பி ஆள் கணக்கு எடுப்பார். தபேலா ஏறியாச்சா, பேஸ் எங்கே, டீக்கடையில் நிற்கிறதா, ஃப்ளூட்டை எழுப்பு, காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது என்பார். எது வாத்தியம், எது மனுஷன் என்று புதிதாகக் கேட்பவர்களுக்குக் குழம்பும். எங்களுக்குக் குழம்பாது. தபேலாவுக்குச் சர்க்கரை வியாதி, வயலின் வீடு மாறிவிட்டது, ட்ரம்ஸுக்கு மாமியார் தொல்லை என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். நான் லேடி, பாடுகிறவள். குழுவை நடத்துகிறவரின் கூடப்பிறந்த தங்கை, பகலில் தாம்பரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஆனாலும் மேடைக்குப் பக்கத்தில் போய்விட்டால் லேடிதான். லேடிக்கு வெந்நீர் கொடுங்கள், லேடி உட்கார ஒரு சேர் போடுங்கள். அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

இந்த வார்த்தைகளுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கிறவர் வித்வான். எங்கள் தபேலா, மாஸ்டர். அண்ணன், கீபோர்டு சார். ட்ரம்ஸ் வாசித்த மோகன்ராஜ் சினிமா ரெக்கார்டிங்குக்கு அவ்வப்போது போய்வந்ததால் ஆர்ட்டிஸ்ட். கிடாரில் இருந்தவர் பிளேயர். கல்யாண ஊர்வலத்தில் தொப்பி போட்டுக்கொண்டு ஊதுகிறவர்கள் பேண்டுக்காரர்கள். சாவுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் ‘காரர்’கூட இல்லை, அடிக்கிறவங்க, அவ்வளவுதான். கை வலி எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த வாசலில் நின்று வாசிக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் ஊர் பட்டம் கொடுக்கிறது. இந்த வரிசையெல்லாம் முடிந்து கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் அங்கே சைடு. மாஸ்டரும் இல்லை, சாரும் இல்லை. நான் மட்டும், என்னைவிடப் பெரியவர் என்பதால், சைடு அண்ணா என்பேன்.

சைடு ரிதம் என்றால் பாட்டில் கவனிக்காமல் விட்டுவிடுகிற சத்தங்கள் எல்லாம். சலங்கை, டாம்பரின், குலுக்கினால் கரகரக்கும் டப்பா, குதிரை ஓடுவதற்குக் கொட்டாங்குச்சி, மயில் அகவுவதற்கு ஒரு விசில். அத்தனையையும் ஒரு காக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருவார். நல்ல உயரம், கொஞ்சம் கூன். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத ஒரு வாடை அவரிடம் இருக்கும். வேனில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறந்துகொள்வார்கள். அவர்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று அவரே போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிடுவார்.

அவரிடம் ஒரு குணம். காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. பேஸ் கிடார் வரவில்லையா, அண்ணன் தலையைச் சொறிவதற்குள் இவர் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்பார். தபேலா மாஸ்டருக்குக் காய்ச்சலா, தபேலாவுக்கு முன்னால் சம்மணம் போட்டுவிடுவார். எதையும் பிரமாதமாக வாசித்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். பாட்டு விழாமல் பிடித்துக்கொள்வார். பாடுகிறவளுக்கு அது போதும். பாடிக்கொண்டே திரும்பிப் பார்க்கும்போது அந்த இடத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

மேடையில்தான் இப்படி என்றில்லை. செம்பாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பரிமாற ஆள் பற்றாமல் போக, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். சாம்பாரில் உப்பில்லை என்று மாப்பிள்ளையின் மாமா அவரைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினார். இவர் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டு, கை கழுவிக்கொண்டு வந்து சலங்கையை எடுத்தார். அதே மாமா கடைசிப் பாட்டு வரைக்கும் மேடையைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்க எங்கள் வீட்டில் ஆண்கள் குறைவு. ஒரு மூலையில் தோள் இல்லாமல் பெட்டி சாய்ந்தது. யார் வந்து கொடுத்தது என்று அப்போது பார்க்கவில்லை. கல்லறையில் இறக்கிவைக்கும்போதுதான் அந்தக் கூனல் முதுகைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் பாசம் வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் இருந்ததை வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இடத்தோடு அவர் இன்னொன்றையும் நிரப்ப வேண்டியிருந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் நோட்டீஸ் அடிக்கும்போது வாசிப்பவர்களின் பெயரைக் கேட்பார்கள். ட்ரம்ஸ் மோகன்ராஜ் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். சினிமாவில் வாசித்தவர் என்று கூட்டம் வரும். மோகன்ராஜோ ரெக்கார்டிங் என்று வடபழனிப் பக்கம் போனால் எங்களை மறந்துவிடுவார். சைடு அண்ணா ட்ரம்ஸில் உட்காருவார். அறிமுகப்படுத்தும்போது மட்டும் நோட்டீஸில் போட்ட பெயரையே சொல்வோம். இல்லாவிட்டால் கமிட்டி மேடையிலேயே சண்டைக்கு வரும். ட்ரம்ஸ் மோகன்ராஜ் என்றதும் இவர் எழுந்து, அந்த மனுஷன் செய்கிற மாதிரியே இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து வணக்கம் வைப்பார். பேஸ் ஆளாக இருந்தால் கிடாரை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் அசைப்பார். தபேலா மாஸ்டராக இருந்தால் நெஞ்சில் கை வைப்பார். ஒவ்வொருவருடைய வணக்கமும் அவருக்கு மனப்பாடம். நாங்கள் பின்னால் நின்று சிரிப்பதுண்டு. சைடில் அவர் இருக்கிற நாட்களில் அந்த இடத்துக்கு அறிமுகமே கிடையாது. நோட்டீஸில் கடைசி வரி ‘மற்றும் குழுவினர்’. அதுதான் அவர்.

ஒரு ஆடி மாதம், எங்கள் வீட்டில் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் செருப்பை மாட்டாமல் நின்றார்.

"தங்கச்சி, பொழிச்சலூர் கச்சேரில என் பேரை ஒரு தபா சொல்லச் சொல்றியா?"

எதற்கு என்று கேட்டேன். அவருடைய ஒரே பெண்ணுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் ஏசி மெக்கானிக், நல்ல பையன். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா ரிட்டயரான பஸ் கண்டக்டர். பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

"தோல் கம்பெனின்னா மூஞ்ச சுளிச்சிகினு இன்னும் நாலு கேள்வி கேப்பாங்க. மியூசிக்ல கீறேன்னு சொல்லிட்டேன். எந்த மியூசிக்கு, பாக்கணும்னாங்க. பொழிச்சலூருக்கு வாங்க சார்னேன்."

அப்போதுதான் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாரோ மூன்றாம் மனுஷனின் விலாசத்தைச் சொல்வது போலச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய மகள் இதைப் படித்தால், அப்பாவை ஊர் முன்னால் இழுத்துவிட்டேன் என்று வருத்தப்படுவாள்.

அண்ணனிடம் சொன்னேன். அவரும் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார். ஆனால் பெயரோடு எதைச் சேர்ப்பது என்று ஒரு பஞ்சாயத்து வந்தது. சைடு ரிதம் என்று சொன்னால் சம்பந்தி வீட்டுக்கு என்ன புரியும்? அண்ணன் பெர்கஷனிஸ்ட் என்றார். சைடு அண்ணா அதை இரண்டு முறை சொல்லிப்பார்த்து, நாக்கு சுளுக்குகிறது என்று விட்டுவிட்டார். எங்கள் அறிவிப்பாளர் பேங்கில் வேலை பார்ப்பவர், மேடைத் தமிழில் கெட்டிக்காரர். தாள வாத்தியக் கலைஞர் என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். சைடு அண்ணாவின் முகம் மலர்ந்தது. தாள வாத்தியக் கலைஞர், தாள வாத்தியக் கலைஞர் என்று முணுமுணுத்துக்கொண்டே போய் மாடிப்படியில் ஒரு படியைத் தவறவிட்டார்.

பொழிச்சலூர் கச்சேரிக்கு அவர் தோய்த்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பையைக் கூட்டம் பார்க்கிற மாதிரி முன்னால் வைக்கட்டுமா என்று அண்ணனிடம் கேட்டு, சலங்கை, டாம்பரின் எல்லாவற்றையும் ஒரு பெஞ்சின் மேல் அழகாகப் பரப்பினார். இரண்டாவது வரிசையில் கண்டக்டரும் அவர் மனைவியும் மைத்துனரும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மோகன்ராஜ் மட்டும் வரவில்லை.

கமிட்டிச் செயலாளர் நோட்டீஸைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, சினிமா ட்ரம்ஸ் எங்கே என்று மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணன் கீபோர்டுக்கு வயர் மாட்டுவது போலக் குனிந்துகொண்டார். ட்ரம்ஸில் உட்காருகிறாயா என்று சைடு அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கேட்கவில்லை. கேட்க வேண்டியும் வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது சைடு அண்ணா ட்ரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. போய் நின்றேன்.

"இன்னைக்கு ஒரு நாள் உங்க இடத்துல இருக்கக் கூடாதாண்ணா?"

"சீட்டு காலியா கீதே, தங்கச்சி."

அவ்வளவுதான் பதில். நான் போய்ப் பாட ஆரம்பித்தேன். சாமிப் பாட்டு முடிந்து, இரண்டு சினிமாப் பாட்டும் முடிந்து, அறிமுக நேரம் வந்தது. அறிவிப்பாளர் ட்ரம்ஸ் வரைக்கும் வந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலை நிமிரவில்லை. செயலாளர் மேடையோரத்தில் நின்றார். ட்ரம்ஸ் மோகன்ராஜ் என்று அறிவிப்பாளர் முழங்கினார். சைடு அண்ணா எழுந்து, குச்சிகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். கூட்டம் விசிலடித்தது. இரண்டாவது வரிசையில் கண்டக்டர் பக்கத்திலிருந்த மைத்துனரிடம் குனிந்து ஏதோ கேட்டார். முன்னால் பெஞ்சின் மேல் சலங்கையும் டாம்பரினும் அப்படியே கிடந்தன.

மறுநாளே தரகர் வந்து சொல்லிவிட்டாராம். வீட்டில் ஒரு பெயர், மேடையில் ஒரு பெயர் வைத்திருக்கிற மனுஷனை நம்பி எப்படிப் பெண் எடுப்பது என்று கண்டக்டர் கேட்கிறார். வேறு ஊரில் வேறு பெயரில் வேறு குடும்பம் இருக்காது என்று என்ன நிச்சயம்? சைடு அண்ணாவை விளக்கம் கேட்டபோது, அன்றைக்கு அப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டது சார் என்றதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். மோகன்ராஜ் வராததை வெளியே சொன்னால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார். அண்ணனை ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். ஆடி முடியட்டும் என்றார். பெண் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆடி முடிவதற்குள் அந்த இடமும் முடிந்துவிடும் என்பது அண்ணனுக்குத் தெரியாதா? தெரியும். அவருக்கும் அலுப்பு. ஊரில் உள்ள எல்லாக் கமிட்டிக்கும் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன மனுஷன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நானே பஸ் ஏறினேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகும் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். முந்தின ராத்திரி வேறொரு கோயிலில் பாடிய தொண்டை, பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திய தொண்டை. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன வாதாடுவது என்று எனக்கே தெரியவில்லை. கண்டக்டர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாடின பொண்ணுதானே என்று அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூப்பிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மோகன்ராஜ் வராதது, நோட்டீஸ், கமிட்டி, பெஞ்சின் மேல் பரப்பி வைத்த சாமான்கள், தாள வாத்தியக் கலைஞர் எல்லாவற்றையும். அண்ணனின் பிழைப்பு போனால் போகட்டும் என்றிருந்தது. கண்டக்டர் பேப்பரை நாலாக மடித்து, எட்டாக மடித்து, டிக்கெட் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"அப்ப அந்த ஆளு டூட்டிக்கு வரல. இவரு ஏறிட்டாரு."

"ஆமாங்க சார்."

"எங்க டிப்போல அதுக்கு ஸ்பேர்னு பேரும்மா. எவன் லீவு போடறானோ அவன் வண்டில ஏத்திவுட்ருவாங்க. நானும் ரொம்ப வருஷம் ஸ்பேர்ல இருந்தவன்தான். இன்னைக்கு எந்த ரூட்டுன்னு வூட்டுல கேட்டா சொல்லத் தெரியாது."

மனைவியைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி போடச் சொன்னார். நான் குடித்து முடித்து எழுந்தபோதுதான் சொன்னார்.

"வரச் சொல்லும்மா, தேதி பாக்கலாம். ஆனா ஒண்ணு. ஸ்பேர்ல இருக்கறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துரும். நம்ம வூட்டு விசேஷத்துக்குக்கூட லீவு போட மனசு வராது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தாம்பரத்தில் இறங்க மறந்து தூங்கிவிட்டேன்.

கல்யாணம் பல்லாவரத்தில். மாலை ரிசப்ஷனுக்கு எங்கள் கச்சேரி, அண்ணனின் மொய். தன் மனசு கேட்காமல்தான் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மோகன்ராஜ்கூட வந்திருந்தார், அதுவும் சீக்கிரமாகவே. சாமான் இறக்கியவர்கள் பழக்க தோஷத்தில், போன கச்சேரியிலிருந்து வேனிலேயே கிடந்த அந்தக் காக்கிப் பையையும் இறக்கி அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். சைடுக்கு அண்ணன் வேறு ஆள் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் சைடு இல்லாமல் ஓட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

ஓடத்தான் ஓடியது. முதல் பாட்டு நன்றாகவே போனது. சைடு அண்ணா பட்டுக்கரை வேட்டியில் மணமேடை மேல் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குக் கை கூப்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் பல்லவி முடிந்து சலங்கை வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவருடைய தலை மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. மறுபடியும் அந்த இடம் வந்தது, மறுபடியும் திரும்பினார். கூப்பிய கை அப்படியே நின்றது. என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. வேண்டாம் அண்ணா, அங்கேயே நில்லுங்கள் என்று பாடிக்கொண்டே தலையை ஆட்டினேன். மூன்றாவது பாட்டு தொடங்கியபோது போட்டோகிராபர், அப்பா எங்கேப்பா, அப்பா இடம் காலியாயிருக்கு என்று குரல் கொடுத்தார். அப்பா எங்கள் மேடையில் ஏறிப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை யாரும் அறிவிப்பாளரிடம் சொல்லிவைக்கவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் அவர் மைக்கை எடுத்தார். "இப்போது நம்மோடு இணைந்திருப்பவர், மணமகளின் தந்தை, தாள வாத்தியக் கலைஞர்" என்று நிறுத்தி, அந்தப் பெயரைச் சொன்னார். ஹால் முழுக்கக் கைதட்டல். சைடு அண்ணா குனிந்து சலங்கையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, கூப்பிட்ட ஆள் ஏன் எழுந்திருக்கவில்லை என்பது போல ஃப்ளூட் பக்கம் பார்த்தார், கிடார் பக்கம் பார்த்தார். கைதட்டல் நின்றுவிடும் போலிருந்தது.

முன்வரிசையிலிருந்து கண்டக்டர் எழுந்தார்.

"சம்பந்தி, உங்களத்தான் சொல்றாங்க. எந்திரிங்க."

அவசரமாக எழுந்தார். ஒரு கையில் சலங்கை, ஒரு கையில் அந்தக் கரகரக்கும் டப்பா. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தார். அது மோகன்ராஜின் வணக்கம். பின்னால் ட்ரம்ஸிலிருந்து மோகன்ராஜ் மட்டும் சிரித்தார். எங்களில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. எல்லோருக்குமாக எழுந்து எழுந்து, தனக்கென்று ஒரு வணக்கம் அவரிடம் இல்லாமல் போயிருந்தது. அவர் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்குள் ஒதுக்கிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்பது போல என்னைப் பார்த்தார். அடுத்தது லேடி சோலோ. தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.